சேவல் இறகும் தூண்டில் கோலும்



இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்டது நெல்லும் அல்ல, மஞ்சளும் அல்ல. தூண்டில். வேளாண்மை விரிவாக்க அலுவலருக்குத் தூண்டிலில் என்ன வேலை என்று கேட்பீர்கள். ஒரு கடிதம்தான் காரணம்.

எழுதியவர் ஐந்து ஏக்கர் மானாவாரியும் நாற்பது நாட்டுக்கோழியும் வைத்திருப்பவர். ஊர், பேர் வேண்டாம். சென்ற மாதம் அவர் வீட்டுக்குக் காரில் ஒருவர் வந்திருக்கிறார். கைப்பேசியில் ஒரு படம் காட்டியிருக்கிறார். அமெரிக்காவில் ஒரு தூண்டில் கடை. அதில் இறகோடு உரித்துக் காய வைத்த ஒரு சேவலின் கழுத்துத் தோல். கீழே விலை, 110 டாலர். "அதுவும் சேவல், நம்மூர்ச் சேவலும் சேவல். குஞ்சு நான் தர்றேன், ஒண்ணு 500 ரூபாய். ஒரு வருஷம் வளர்த்துக் குடுங்க. தரம் பார்த்து, தோல் ஒண்ணு 3,000 ரூபாய்க்கு நானே எடுத்துக்கறேன்" என்று சொல்லி, 100 குஞ்சுக்கு 50,000 ரூபாய் முன்பணம் கேட்டிருக்கிறார். நண்பர் கடிதத்தை இப்படி முடித்திருந்தார்: "அந்த விலை நெசந்தானுங்களா சார்? மீன் புடிக்கறதுக்குப் போயி இத்தனை காசு எவனாச்சும் குடுப்பானுங்களா?"

விலை நிஜம்தான். கொடுக்கவும் செய்கிறார்கள். பொய்யாக இருந்தால் ஒரு தபால் அட்டையில் பதில் எழுதி முடித்திருப்பேன். நிஜமாக இருப்பதால்தான் வானொலி வரைக்கும் வர வேண்டியதாயிற்று.

நம்ம தூண்டில் எல்லோருக்கும் தெரியும். ஒரு மூங்கில் குச்சி, நைலான் நரம்பு, தக்கை, முள், கொட்டாங்குச்சியில் கொஞ்சம் மண்புழு. எல்லாம் சேர்த்து 100 ரூபாய்க்குள் அடங்கும். அதில் கெளுத்தியும் விராலும் விழாமலா போகிறது? ஆனால் குளிர்ந்த ஓடைகளில் இருக்கிற டிரவுட் என்ற மீனின் பழக்கம் வேறு. தண்ணீரின் மேல் வந்து உட்காருகிற சிறு பூச்சிகளை அது எழும்பிப் பிடித்துத் தின்னும். நமக்கும் இது முழுக்க அந்நியமான மீன் அல்ல. நீலகிரி ஓடைகளில் ஆங்கிலேயர்கள் கொண்டுவந்து விட்டார்கள். எச்.சி. வில்சன் என்ற அதிகாரி காலத்தில், 1907 வாக்கில், அவலாஞ்சியில் இதற்கென்றே குஞ்சு பொரிப்பகம் அமைந்தது.

இந்த மீனுக்குப் புழு வைக்காமல், பூச்சி மாதிரியே ஒன்றைச் செய்து காட்டிப் பிடிப்பதுதான் ஃபிளை ஃபிஷிங். ஒரு சின்ன முள்ளில் நூலும் இறகும் சுற்றி ஈ மாதிரி கட்டுவார்கள். இந்த ஈக்கு எடையே கிடையாது. நம்ம தூண்டிலில் ஈயக் குண்டு கட்டி வீசுகிறோம். முன்னால் போகிற குண்டு நரம்பை இழுத்துக்கொண்டு போகிறது. இங்கே குண்டு கிடையாது. ஆகவே கயிற்றையே கொஞ்சம் கனமாகச் செய்து, கோலைச் சாட்டை மாதிரி முன்னும் பின்னும் ஆட்டி, அந்தக் கயிற்றின் ஓட்டத்தில் ஈயைக் கொண்டுபோய் மெதுவாக இறக்குகிறார்கள். கோல் வளைந்து நிமிர்வதில்தான் எல்லாம் இருக்கிறது. அடியிலிருந்து நுனி வரை அது எப்படி மெலிகிறது என்பதில் மயிரிழை பிசகினாலும் கயிறு தலையில் வந்து விழும்.

இப்போது விலைக்கு வருவோம். உயர்ந்த ரகக் கோல் ஒன்று இன்றைக்கு 1,000 டாலர். நம் கணக்கில் 80,000 ரூபாய்க்கு மேல். கயிறு மட்டும் 100 டாலருக்கு மேலும் போகும். கயிறு சுற்றுகிற உருளையிலும் அதே மாதிரி ஏற்ற இறக்கம் உண்டு. கட்டின ஈ ஒன்று இரண்டு, மூன்று டாலர். மரக்கிளையில் மாட்டினால் போச்சு, அடுத்ததை எடுக்க வேண்டும். பழகுகிறவனுக்கு 150, 200 டாலரில் முழு செட்டும் கிடைக்கும், அதிலும் மீன் விழும். அப்படியானால் மீதிப் பணம் எதற்கு என்று கேட்டால், கொஞ்சம் வேலைப்பாட்டுக்கு, கொஞ்சம் ஆசைக்கு. இன்னொன்றும் உண்டு. உயர்ந்த ரகக் கோலை விற்கிறவர்கள் பலர், உடைந்தால் மாற்றித் தருவதாக உத்தரவாதம் கொடுக்கிறார்கள். அந்தச் செலவை முதல் விலையிலேயே ஏற்றிவிடுகிறார்கள். உடைக்காதவனும் உடைத்தவனுக்காகக் கட்டுகிறான்.

இன்றைய கோல் கரி இழையால் ஆனது. ஆகாய விமானத்துக்காக இங்கிலாந்தில் 1960-களில் உருவாக்கிய பொருள் அது. 1973-இல் தூண்டில் கோலாகக் கடைக்கு வந்தது. அதற்கு முன்னால் இந்தக் கருவிகளில் முக்கால்வாசி நம்மைப் போன்ற குடியானவர்கள் விளைவித்தது என்றால் நம்புவீர்களா?

கோலுக்கு மூங்கில். கைப்பிடிக்குப் போர்ச்சுகல் நாட்டில் வளரும் ஒரு வகை ஓக் மரத்தின் பட்டையான தக்கை. அந்த மரத்தை நட்டு 25 வருஷம் கழித்து முதல் பட்டை உரிக்கலாம். அப்புறம் ஒன்பது வருஷத்துக்கு ஒருமுறை. மூன்றாவது தடவை உரிக்கிற பட்டைதான் நல்ல தரம். தாத்தா நட்டால் பேரன் அனுபவிக்கிற கணக்கு. கயிறு பட்டு நூலில் பின்னி, ஆளி விதை எண்ணெய் ஏற்றியது. கயிற்றின் நுனியில் ஈயைக் கட்டுகிற மெல்லிய நரம்பும் பட்டுப் புழுவிலிருந்துதான் வந்தது. ஸ்பெயின் நாட்டில் முர்சியா என்ற பகுதி இதற்குப் பேர்போனது. புழு கூடு கட்டப் போகிற தறுவாயில் அதைக் காடியில் ஊறப்போட்டு, வயிற்றுக்குள் இருக்கிற பட்டுச் சுரப்பியைக் கையால் இழுத்து நீட்டிக் காய வைப்பார்கள். ஒரு முழத்துக்குச் சற்று முன்பின் நீளம் வரும். அப்படிப் பலவற்றை முடிச்சுப் போட்டு ஒன்றாக்குவார்கள். ஓசூர், தர்மபுரிப் பக்கம் பட்டுப்புழு வளர்க்கிறவர்கள் இதைக் கேட்டு முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. 1938-இல் நைலான் வந்தது. அதன் பிறகு அந்தத் தொழில் நிலைக்கவில்லை.

மூங்கில் கதையில் நமக்கும் பங்கு உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் மூங்கிலைப் பிளந்து, முக்கோண வடிவில் ஆறு சிம்புகளாகச் சீவி, ஒட்டி, அறுகோணக் கோலாகச் செய்யக் கற்றார்கள். அதற்கு முதலில் போனது இந்திய மூங்கில். கல்கத்தா மூங்கில் என்றே அதற்குப் பேர். ஆனால் அதில் தீயில் சுட்ட கறையும் பூச்சித் துளையும் இருக்கும். பிறகு சீனாவின் குவாங்துங் மாநிலத்தில் ஒரு மூங்கிலைக் கண்டார்கள். நேராக வளரும், நார் நெருக்கமாகவும் கெட்டியாகவும் இருக்கும். டோங்கின் மூங்கில் என்று பேர் வைத்தார்கள். அது டோங்கினில் விளைவதில்லை என்பது வேறு கதை. வந்த சில வருஷங்களில் நம்ம மூங்கிலை யாரும் சீண்டவில்லை. 1950-இல் கொரியப் போரை ஒட்டி அமெரிக்கா சீனாவோடு வியாபாரத்தை நிறுத்தியது. இருபது வருஷத்துக்கு அந்த மூங்கில் அமெரிக்காவுக்குள் வரவில்லை. அப்போதுகூட அவர்கள் நம்மிடம் திரும்பி வரவில்லை, கண்ணாடி இழைக்குப் போய்விட்டார்கள். இன்றைக்கும் சிலர் கையால் மூங்கில் கோல் செய்கிறார்கள். ஒரு கோலுக்கு நாற்பது மணி நேரத்துக்குக் குறையாமல் வேலை இருக்கும். விலையும் 1,500, 2,000 டாலர் என்று போகும்.

அடுத்தது இறகு. நண்பரின் கேள்வியே இதில்தான் இருக்கிறது. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

செயற்கை ஈயில் பல தினுசு உண்டு. அதில் தண்ணீரின் மேல் மிதக்கிற ஈக்குத்தான் சேவல் கழுத்து இறகு வேண்டும். முள் ஏறக்குறைய ஒரு நெல்மணி அளவு. அதைச் சுற்றி இறகைச் சுற்றினால், இறகின் இழைகள் குச்சி குச்சியாக நாலாபுறமும் நிற்கும். அந்த இழை நுனிகளின் மேல்தான் ஈ தண்ணீரில் நிற்கிறது. ஆகவே இழை விறைப்பாக இருக்க வேண்டும், குட்டையாக இருக்க வேண்டும், அடிமுதல் நுனிவரை ஒரே நீளமாக இருக்க வேண்டும். பஞ்சு இருக்கவே கூடாது. பஞ்சு தண்ணீரைக் குடித்து முழுகிவிடும்.

உங்கள் வீட்டுச் சேவல் கழுத்திலிருந்து ஓர் இறகை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அடிப்பாதி பஞ்சாக இருக்கும். நடுத்தண்டை ஒட்டியும் பஞ்சு ஓடும். இலை மாதிரி அகலமாக விரிந்து, நுனிப்பக்கம் மட்டும் பளபளப்பாக விறைப்பு இருக்கும். தேறுகிற பாகம் இரண்டு விரல்கடை இருந்தால் பெரிது. அதுவும் நெல்மணி அளவு முள்ளுக்கு இழை நீளம் கூடிப்போகும். முன்னெல்லாம் இந்த மாதிரி இறகில் ஓர் ஈ கட்டுவதற்கே இரண்டு இறகு எடுப்பார்கள்.

அந்தக் காலத்தில் அமெரிக்காக்காரனுக்கு இறகு எங்கிருந்து போயிற்று தெரியுமா? இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும்தான். கறிக்கு அறுத்த சேவலின் கழுத்துத் தோலை உரித்துக் காய வைத்து மூட்டை மூட்டையாக அனுப்பினோம். இந்தியத் தோல் என்று இன்றும் அங்கே சொல்வார்கள். மலிவான சரக்கு என்று அதற்குப் பொருள். வாங்கினவன் மூட்டையைப் பிரித்துக் கிளறி, நூறில் நாலைந்து பொறுக்கி எடுத்தான். அப்படிப் பொறுக்குவதில் சலித்துப்போன சிலர் தாங்களே கோழி வளர்க்க ஆரம்பித்தார்கள். நியூயார்க் மாநிலத்து மலைப்பக்கத்தில் ஹாரி டார்பி என்றொருவர். ஓரிகன் மாநிலத்தில் ஹென்றி ஹாஃப்மன் என்றொருவர். வரி வரியான கறுப்பு வெள்ளைச் சேவலையே பிடித்துக்கொண்டு 1960-களில் தொடங்கினார். ஒவ்வொரு தலைமுறையிலும் இறகு நீளமும் மெல்லிசும் உள்ள சேவலை வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்தார்கள். அதற்கு ஏற்ற பெட்டையைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். பெட்டைக்கு அந்த இறகு வராது. பிறந்த சேவல் குஞ்சுகளின் இறகைப் பார்த்துத்தான் தாயின் குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். மாட்டுப் பண்ணையில் மகளின் பாலை வைத்துக் காளையை எடை போடுகிறோமே, அதே கதைதான், தலைகீழாக. 1989-இல் ஹாஃப்மனின் கோழிகளைக் கொலராடோவில் டாம் வைட்டிங் என்ற கோழி இன விஞ்ஞானி வாங்கி, அந்த வேலையைப் பெரிய பண்ணையாக நடத்தினார்.

பலன் என்ன? அந்தச் சேவலின் முதுகு இறகு ஒன்று ஒரு முழத்துக்குக் கிட்டே வரும், நூல் மாதிரி மெலிசு. ஒரே இறகில் ஐந்தாறு ஈ கட்டலாம். 110 டாலர் விலை இதற்குத்தான். இரண்டு மூன்று தலைமுறை மனிதர்கள் உட்கார்ந்து பொறுக்கின பொறுக்குக்கு.

நிறத்துக்கும் அவர்கள் பேர் வைத்திருக்கிறார்கள். சாம்பல் நீலம் ஒன்று, இஞ்சி நிறம் ஒன்று, நடுவில் கறுப்பு ஓடுகிற வெள்ளை ஒன்று. காகம், வல்லூறு, கீரி, மயில் என்று சேவலுக்கு நிறம் பிரித்துச் சொல்கிற நம்ம கொங்கு நாட்டுப் பெரியவர்களை அங்கே கொண்டுபோய் விட்டால் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்வார்கள். கண் நம்மிடம் இல்லாமல் இல்லை. அந்தக் கண்ணைச் சண்டைக்கு வைத்தோம், இறகுக்கு வைக்கவில்லை, அவ்வளவுதான். மூங்கிலைப் போலவே இதிலும், பொறுக்காமல் அனுப்பினவன் மலிவாக விற்றான், பொறுக்கினவன் விலை வைத்தான்.

சரி, இப்போது அந்தக் கார்க்காரர் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கோழி என் துறை இல்லை. ஆகவே கால்நடை மருத்துவர் ஒருவரை உட்கார வைத்துக்கொண்டுதான் போட்டேன்.

100 குஞ்சு, 50,000 ரூபாய். பாதி பெட்டை என்று வச்சுக்குவோம். சேவல் 50-இல் சாவு போக 45 நிற்கிறது. ஒரு சேவலுக்கு வருஷத்துக்கு 30 கிலோ தீவனம், கிலோ 35 ரூபாய் என்றால் 1,050 ரூபாய். 45 சேவலுக்கு 47,250. இறகு முற்றுகிற காலத்தில் ஒன்றோடொன்று கொத்திக்கொண்டால் தோல் போச்சு. ஆகவே தனித்தனிக் கூண்டு. ஒன்று 600 ரூபாய் என்றால் 27,000. கூண்டு அடுத்த வருஷத்துக்கும் ஆகும், ஒப்புக்கொள்கிறேன். பெட்டை விற்ற காசு பெட்டை தின்ற தீவனத்துக்குச் சரி. ஆக மொத்தம் 1,24,250. அவர் சொன்னபடி 45 தோலையும் 3,000 ரூபாய்க்கு எடுத்தால் 1,35,000. மிச்சம் 10,750 ரூபாய். ஒரு வருஷம் இரண்டு பேர் பாடுபட்டதற்கும், தடுப்பூசிக்கும், விளக்குக்கும் சேர்த்து இதுதான்.

இது எல்லாம் நல்லபடி நடந்தால். "தரம் பார்த்து" என்று ஒரு வார்த்தை சொன்னாரே, கவனித்தீர்களா? 20 தோல் தரமில்லை என்று தள்ளினால் வரவு 75,000. கைநஷ்டம் 49,250. தள்ளின தோலை நீங்கள் வேறு யாரிடம் விற்பீர்கள்? சந்தையில் கேட்பாரில்லை. இந்தச் சேவலில் காசு தோலில்தான், கறியில் இல்லை.

அந்தக் குஞ்சு எந்த ரகம் என்பது அடுத்த கேள்வி. அமெரிக்கப் பண்ணை ரகத்தை அவர்கள் சும்மா தூக்கிக் கொடுத்துவிட மாட்டார்கள். வெளிநாட்டிலிருந்து குஞ்சோ, அடை முட்டையோ கொண்டுவர மத்திய அரசின் கால்நடை இறக்குமதி அனுமதி வேண்டும். அந்தத் தாளைக் காட்டச் சொல்லுங்கள். தாள் இல்லை என்றால், நீங்கள் 500 ரூபாய் கொடுத்து வாங்குவது உங்கள் வீட்டுக் கூடையில் கிடக்கிற அதே குஞ்சுதான். தோலை ஏற்றுமதி செய்கிறவருக்கும் கால்நடைச் சுகாதாரச் சான்று வேண்டும். பறவைக் காய்ச்சல் என்று எங்காவது ஒரு செய்தி வந்தால் போதும், வாங்குகிற நாடு கதவைச் சாத்திவிடும்.

விலை அப்படியே நிற்குமா என்றும் பார்க்க வேண்டும். 2011-இல் அமெரிக்காவில் பெண்கள் தலைமயிரோடு இந்த நீள இறகை வைத்துப் பின்னுவது திடீர் நாகரிகமாயிற்று. தூண்டில் கடை வாசலில் முடிதிருத்தும் நிலையக்காரர்கள் நின்றார்கள். சில மாதத்தில் விலை பல மடங்கு ஏறியது. ஆனால் சேவல் வளர ஒரு வருஷம் ஆகுமே! நாகரிகம் அதுவரை காத்திருக்கவில்லை. ஏறின மாதிரியே இறங்கியது.

அடுத்த வருஷம், 2012-இல், பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில் நடந்ததை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அங்கேயும் குஞ்சு கொடுத்தார்கள், திரும்ப வாங்கிக்கொள்வோம் என்றார்கள், மாதச் சம்பளம் மாதிரி பணம் என்றார்கள். ஈமு எண்ணெய்க்கு வெளிநாட்டில் இன்ன விலை என்று படமும் காட்டினார்கள். அப்போது நான் வேலைக்குப் புதிது. ஒரு தோட்டத்தில் தீவனத்துக்கு வழியில்லாமல் அந்தப் பறவைகள் கம்பிவலை ஓரமாக வந்து நின்றதும், அந்த வீட்டம்மா "இதுகளை என்னங்க தம்பி பண்றது?" என்று கேட்டதும் இன்னும் காதில் இருக்கிறது. பதில் சொல்லத் தெரியாமல் வந்தேன். இந்தக் கடிதத்தை உடனே கையில் எடுத்ததற்கு அதுவும் காரணம்.

ஒரு எச்சரிக்கை. மலையடிவாரத்தில் இருக்கிற இளைஞர்கள் கவனமாகக் கேட்க வேண்டும். நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில் சாம்பல் காட்டுக்கோழி இருக்கிறது. அதன் சேவல் கழுத்து இறகில் மெழுகுப் பொட்டு வைத்த மாதிரி புள்ளி இருக்கும். பெரிய மீனுக்குக் கட்டுகிற அலங்கார ஈக்கு அந்த இறகு என்றால் உயிரை விடுவார்கள். அது 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காக்கப்பட்ட பறவை. கண்ணி வைத்தாலே குற்றம், சிறைக்குப் போக வேண்டி வரும். இங்கிலாந்தில் அதைக் கூண்டிலேயே வளர்த்து இறகு எடுக்கிறார்கள். அது அவர்கள் சட்டம். மயில் இறகும் அப்படித்தான். தானாக உதிர்ந்ததை உள்ளூரில் விற்கலாம், வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை இருக்கிறது. இறகு ஆசை எதுவரைக்கும் கொண்டுபோகும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2009-இல் இங்கிலாந்தில், டிரிங் என்ற ஊரில் இருக்கிற அருங்காட்சியகத்தில் புல்லாங்குழல் படிக்கிற ஒரு மாணவன் ராத்திரியில் ஜன்னல் வழியே நுழைந்து, பாடம் செய்து வைத்திருந்த 299 பறவைத் தோல்களைத் திருடினான். எல்லாம் ஈ கட்டுவதற்காக.

இறகு வேலையே நமக்கு ஆகாது என்று நான் சொல்லவில்லை. கென்யாவிலும் இலங்கையிலும் தாய்லாந்திலும் பெண்கள் கையால் ஈ கட்டி வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். அது கைவேலை, கற்றுக்கொடுக்க ஆளும், வாங்கிக்கொள்ள முன்கூட்டியே ஆர்டரும் இருக்கிற இடத்தில் நடக்கிறது. ஆர்வம் இருந்தால் கறிக்கு அறுக்கிற சேவலின் கழுத்துத் தோலைக் கொழுப்புச் சுரண்டி, உப்புத் தடவி, அட்டையில் விரித்து நிழலில் காய வையுங்கள். பூச்சி வராமல் காய்ந்த வேப்பிலையோடு மூடிய டப்பாவில் போட்டு வையுங்கள். ஊட்டிப் பக்கம் தூண்டில் போடுகிறவர் யாராவது தெரிந்தால் காட்டிப் பாருங்கள். கைக்காசு போகாத சோதனை இது.

கடிதம் எழுதிய நண்பருக்கு ஒரு வார்த்தை. அந்த 50,000 ரூபாயை இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொடுக்க வேண்டாம். கூட்டுறவு வங்கியில் நகை வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். அதை இதற்காகத் தொட வேண்டாம். ஒருவேளை கொடுத்துவிட்டீர்கள் என்றால் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள். ரசீதையும், அவர் எழுதிக் கொடுத்த தாளையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். செவ்வாய்க்கிழமை காலை முழுவதும் நான் அலுவலகத்தில்தான் இருப்பேன். கால்நடை மருத்துவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்தக் கார் உங்கள் ஊரில் இன்னும் யார் யார் வீட்டுக்குப் போயிற்று என்று தெரிந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.